எச்சில் டெஸ்ட் கிட்: கஞ்சா அடித்தவர் கையில் சாவியைக் கொடுக்க இது போதாது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெட்டியின் முகப்பில் ஒரு ஸ்டியரிங் படமும், அதற்குக் கீழே "வண்டி எடுக்கும் முன் தெரிந்துகொள்ளுங்கள்" என்ற வரியும் இருக்கின்றன. அதை நம்பி இந்தக் கிட்டை வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். எச்சிலில் டிஎச்சி, அதாவது கஞ்சாவில் போதை தரும் பொருள், இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை இது ஓரளவு ஒழுங்காகவே செய்கிறது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் கஞ்சா அடித்துவிட்டு ஒருவர் சாவியைக் கேட்கும்போது நமக்குத் தெரிய வேண்டியது, அவரால் இப்போது ஒழுங்காக ஓட்ட முடியுமா என்பது. அதற்கு இந்தக் கிட்டிடம் பதில் கிடையாது. பதில் இருப்பதுபோல் பெட்டியில் அச்சடித்து விற்கிறார்கள், என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

நான் கஞ்சா தொடுவதில்லை. எங்கள் நண்பர்கள் கூட்டத்தில் தொடுகிறவர்கள் இருக்கிறார்கள், ஒருவர் தினமும் ராத்திரி, இன்னொருவர் எப்போதாவது. சண்டை எப்போதும் கிளம்பும்போதுதான் வரும். "ரெண்டு இழுப்புதான் மச்சான், அதுவும் எப்பவோ, இப்ப ஸ்டெடியா இருக்கேன்" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் சாவியைப் பிடுங்க, பேச்சு வளர்ந்துகொண்டே போகும். ஒரு கருவி இருந்தால் வாக்குவாதம் முடியுமே என்றுதான் வாங்கினேன். கடைப் பெயரோ கம்பெனிப் பெயரோ இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் இதே மாதிரி வாசகத்தோடு விற்கும் கிட்கள் பல இருக்கின்றன, நான் சொல்லப்போவது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

பெட்டிக்குள் பாக்கெட் பாக்கெட்டாக ஒருமுறை பயன்படுத்தும் குச்சிகள். நுனியில் சின்னப் பஞ்சு. அதை நாக்குக்கும் கன்னத்துக்கும் நடுவே வைத்து, எச்சில் ஊறி நிறம் மாறியதும் எடுத்துக் குழாயில் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். சில நிமிடங்களில் ஜன்னல் மாதிரியான இடத்தில் கோடு வரும். இங்கேதான் நிறையப் பேர் தடுமாறுவார்கள்: கோடு வந்தால் "இல்லை", கோடு வராவிட்டால் "இருக்கிறது". கர்ப்பப் பரிசோதனைக் குச்சியைப் பார்த்துப் பழகியவர்கள் நேர்மாறாகப் படித்துவிடுவார்கள். மங்கலாகக் கோடு தெரிந்தாலும் அது "இல்லை" என்றுதான் கணக்கு. துண்டுச்சீட்டில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார்கள், ஆனால் பொடி எழுத்தில், பின்பக்கத்தில். ராத்திரி நேரத்தில், மங்கிய வெளிச்சத்தில், ஒருவன் தோள்மேல் எட்டிப்பார்த்து "கோடு இருக்குடா, இருக்குடா" என்று கத்திக்கொண்டிருக்கும்போது அதைப் படிக்க முடியாது.

இன்னொன்று. கஞ்சா அடித்தால் வாய் வறண்டு போகும், எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்படி வறண்ட வாயில் பஞ்சு நனையவே நேரமாகிறது. அடிக்காதவர்கள் வாயில் சட்டென்று நிறம் மாறிய அதே பஞ்சு, அடித்தவர் வாயில் பாதி வெள்ளையாகவே கிடந்தது. தண்ணீர் குடித்துவிட்டு வைக்கலாமா என்றால், சோதனைக்கு முன் 10 நிமிடம் எதையும் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது என்று சீட்டு சொல்கிறது. யாருக்காகச் செய்த கருவியோ அவர் வாயிலேயே இது திணறுகிறது.

சரி, முடிவுகள். அடித்துக் கொஞ்ச நேரத்தில் பார்த்தபோது கோடு வரவில்லை, அதாவது "இருக்கிறது". இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. எப்போதாவது அடிக்கும் நண்பருக்கு ஒரு படம் பார்த்து முடிக்கும் நேரம் கழித்து மறுபடி வைத்தோம். கோடு வந்துவிட்டது. ஆனால் ஆள் தெளியவில்லை என்பது பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. கேள்வி கேட்டால் ஒரு கணம் கழித்துத்தான் பதில், பாதி வாக்கியத்தில் எதைச் சொல்ல வந்தோம் என்பதே மறந்துபோகிறது. கோட்டைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த நம்பிக்கை இருக்கிறதே, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "பாத்தியா, கிளீன்" என்று கை நீட்டினார், சாவிக்கு. கொடுக்கவில்லை. தினமும் அடிக்கும் நண்பருக்கு நேர்மாறு: நன்றாகத் தூங்கி எழுந்து, குளித்து, தெளிவாகப் பேசிக்கொண்டிருந்த காலையில் வைத்துப் பார்த்தால் கோட்டைக் காணோம். ஓட்டக்கூடாத நேரத்தில் பச்சைக்கொடி, ஓட்டக்கூடிய நேரத்தில் சிவப்புக்கொடி.

கிட் பழுது என்று முதலில் யாரும் நினைப்பார்கள். பழுதெல்லாம் இல்லை, விஷயமே அப்படித்தான். புகைக்கும்போது எச்சிலில் சேரும் டிஎச்சியில் பெரும்பகுதி ரத்தத்திலிருந்து வருவதில்லை, புகை வாய்க்குள் படிவதால் வருகிறது. அதனால் புகைத்த உடனே எச்சிலில் அளவு வானளாவ இருக்கும், பிறகு மளமளவென்று இறங்கும். என் கிட் ஒரு மில்லிலிட்டருக்கு 15 நானோகிராம் என்ற வரம்பில் வேலை செய்கிறது. அதற்குக் கீழே போனால் கோடு வந்துவிடும், அவ்வளவுதான். அந்த வரம்பைத் தாண்டி இறங்கியது வாயில் படிந்த டிஎச்சி. மண்டையில் ஏறியது இறங்கிவிட்டதா என்பது வேறு கணக்கு.

ரத்தத்தைப் பார்த்தால் மட்டும் தெளிவு கிடைக்குமா என்றால் அதிலும் இல்லை. சாராயம் தண்ணீரில் கரையும், உடம்பு முழுவதும் ஓரளவு சீராகப் பரவும், ரத்தத்தில் இவ்வளவு இருந்தால் ஆள் இந்த நிலையில் இருப்பான் என்று தோராயமாகவாவது சொல்லலாம். டிஎச்சி கொழுப்பில் கரையும். புகைத்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் உச்சம் தொட்டு, அங்கிருந்து வேகமாக விழுந்து, மூளைக்கும் கொழுப்புக்கும் போய்ச் சேர்கிறது. போதை உச்சத்துக்கு வரும்போது ரத்தத்தில் அளவு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கும். தினமும் அடிப்பவர்களுக்குக் கொழுப்பில் சேர்ந்தது மெல்ல மெல்லக் கசிந்து, நிறுத்திப் பல நாட்கள் கழித்தும் ரத்தத்தில் தெரியும். சிறுநீர் சோதனையோ இன்னும் மோசம், அது தேடுவது போதை தராத ஒரு கழிவுப்பொருளை, அது வாரக்கணக்கில் நிற்கும்.

அதனால்தான் சட்டம் போடுகிறவர்களும் ஆளுக்கொரு எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிட்டனில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 2 நானோகிராம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 5, கனடாவில் 2இல் ஒரு குற்றம், 5இல் அதைவிடப் பெரிய குற்றம். ஜெர்மனி 2024இல் தன் வரம்பை ரத்த சீரத்தில் (அணுக்களை நீக்கிய பின் மிஞ்சும் திரவத்தில்) 1இலிருந்து 3.5க்கு உயர்த்தியது. 5 என்ற எண்ணுக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று அமெரிக்காவின் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் போக்குவரத்துப் பாதுகாப்பு அறக்கட்டளை 2016இலேயே சொல்லிவிட்டது. பெரிய ஆய்வகங்களுக்கே இதுதான் நிலைமை என்னும்போது வீட்டில் ஒரு குச்சியை வாயில் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அப்படியானால் கஞ்சா அடித்து ஓட்டுவது உண்மையிலேயே ஆபத்தா, அல்லது சும்மா பயமுறுத்துகிறார்களா? எங்கள் கூட்டத்தில் இதைத்தான் அதிகம் பேசியிருப்போம். ஆபத்து இல்லை என்று வாதாடுகிறவர்கள் கையில் ஒரு ஆய்வு எப்போதும் இருக்கும்: அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் வர்ஜீனியா பீச் நகரில் நடத்தி 2015இல் வெளியிட்டது. விபத்தில் சிக்கிய 3,000க்கும் அதிகமான ஓட்டுநர்களையும், சிக்காத 6,000 பேரையும் ஒப்பிட்டார்கள். டிஎச்சி இருந்தவர்களுக்கு விபத்து வாய்ப்பு மேலோட்டமாக 25 சதவீதம் கூடுதல், ஆனால் வயது, பாலினம், சாராயம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தபின் குறிப்பிடத்தக்க வித்தியாசம் நிற்கவில்லை. உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது டிஎச்சி உடம்பில் இருந்ததா என்பதை மட்டும். நேற்று அடித்து இன்று தெளிவாக ஓட்டியவரும், அரைமணி முன்பு அடித்தவரும் அதில் ஒரே வரிசையில் வந்துவிடுகிறார்கள். என் கிட்டின் கோளாறு எதுவோ அதுவேதான் அந்த ஆய்வின் குறையும்.

மற்ற ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் ஆபத்து உண்டு என்றுதான் சொல்கிறார்கள், அளவில்தான் கருத்து வேறுபாடு. 2012இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த தொகுப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்றது. 2016இல் இரு நார்வே ஆய்வாளர்கள் அதை மறுபடி அலசி 1.2 முதல் 1.4 மடங்கு வரை என்று குறைத்தார்கள். சாராயத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன எண். அதே வர்ஜீனியா பீச் ஆய்விலேயே ரத்தத்தில் 0.08 சதவீதம் சாராயம் இருந்தவர்களுக்குச் சுமார் 4 மடங்கு, 0.15 என்றால் 12 மடங்கு. குடித்துவிட்டு ஓட்டுவது இதைவிட மோசம் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் "அதைவிடப் பரவாயில்லை" என்று சொல்லி ஒருவர் சாவியை வாங்கிக்கொண்டு போவதை என்னால் ஏற்க முடியாது. தெருவில் நடந்து போகிறவர் நமக்குப் போதை எதனால் ஏறியது என்று தேர்ந்தெடுத்தா அடிபடுகிறார்?

அடித்துவிட்டு ஓட்டினால் என்னதான் கெடுகிறது? நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் நிஜச் சாலையில், பக்கத்தில் பயிற்சியாளரை இன்னொரு பிரேக்குடன் உட்கார வைத்துச் சோதித்தார்கள், 2020இல் முடிவு வந்தது. எப்போதாவது பயன்படுத்தும் 26 பேர். டிஎச்சி இழுத்து 40 நிமிடத்திலிருந்து 100 நிமிடம் வரை, வண்டி லேனுக்குள் இடமும் வலமுமாக அலைவது கூடியது, ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் உள்ளவர் அலையும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்தது. சென்டிமீட்டரில் சொன்னால் 2 சொச்சம்தான். கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும், ஆனால் அது ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கையும் கண்ணும் எவ்வளவு தளர்ந்திருக்கின்றன என்பதற்கான அளவுகோல். நேரக்கணக்கும் தப்பும். டிஎச்சி ஏறிய மூளைக்கு நேரம் இழுபடும், சில நொடி போனது அதைவிட அதிகமாகத் தோன்றும். எதிரில் வருகிற வண்டி நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கணிப்பதும், ஓவர்டேக் செய்ய இடம் போதுமா என்று பார்ப்பதும் எல்லாமே நேரக்கணக்குதானே. இதோடு கவனத்தைப் பிரித்து வைப்பதும் கெடும். கண்ணாடி, சிக்னல், ஓரத்தில் நிற்கும் குழந்தை என்று ஒரே சமயத்தில் மூன்றைப் பார்க்க வேண்டிய இடத்தில் மனம் ஒன்றிலேயே போய் ஒட்டிக்கொள்ளும்.

"அடிச்சா நான் மெதுவாத்தான் போவேன், குடிச்சவன் மாதிரி பறக்க மாட்டேன்" என்பது அடுத்த வாதம். இதிலும் பாதி உண்மை இருக்கிறது. 1993இலேயே மாஸ்ட்ரிக்டில் இதைப் பார்த்துவிட்டார்கள்: கஞ்சா அடித்தவர்கள் வேகத்தைக் குறைக்கிறார்கள், முன்னால் போகும் வண்டிக்கும் தமக்கும் நடுவே கூடுதல் இடம் விடுகிறார்கள், தாங்கள் தடுமாறுவதை உணர்கிறார்கள். குடித்தவர்கள் உணர்வதில்லை. ஆனால் வேகத்தைக் குறைத்தும் அந்த லேன் அலைச்சல் போகவில்லை. மெதுவாகப் போவது, வரப்போவது தெரிந்த விஷயங்களுக்கு உதவும். திடீரென்று குறுக்கே வருவதற்கு உதவாது, அங்கே தேவை சட்டென்று பிரேக்கை மிதிக்கும் கால்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வு, 2022இல் ஜாமா சைக்கியாட்ரி என்ற மனநல மருத்துவ இதழில் வந்தது. வழக்கமாகப் பயன்படுத்தும் 191 பேரைப் பிரித்து, சிலருக்கு டிஎச்சி உள்ளது, சிலருக்குக் கிட்டத்தட்ட இல்லாதது என்று கொடுத்துப் புகைக்க வைத்து, சிமுலேட்டரில் மணிக்கணக்காக மறுபடி மறுபடி ஓட்ட வைத்தார்கள். அரைமணி நேரத்தில் ஓட்டுவது மோசமாக இருந்தது, அவர்களுக்கே தயக்கமும் இருந்தது. ஒன்றரை மணி நேரத்தில் தயக்கம் குறைந்துவிட்டது, இறங்கிவிட்டது, ஓட்டலாம் என்று நினைக்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆனால் ஓட்டிய விதம் அரைமணியில் இருந்ததைவிடக் குறிப்பிடும்படி தேறவில்லை. நாலரை மணி நேரம் ஆனபிறகுதான் இரு தரப்புக்கும் வித்தியாசம் மறைந்தது. ரத்தத்தில் இருந்த டிஎச்சி அளவுக்கும் ஓட்டிய விதத்துக்கும் தொடர்பே கிடைக்கவில்லை.

இந்த ஒன்றரை மணியிலிருந்து நாலரை மணி வரையான நேரம்தான் எனக்குப் பயம். உச்சத்தில் இருப்பவர் பெரும்பாலும் சாவியைக் கேட்பதில்லை, சோபாவில்தான் கிடப்பார். "தெளிஞ்சிட்டேன்" என்று எழுந்து நிற்பவரே கேட்கிறார். என் கிட்டில் கோடு திரும்பி வரக்கூடிய நேரமும் ஏறக்குறைய இதே இடைவெளிக்குள்தான் விழுகிறது. அவருக்குள் ஏற்கெனவே இருக்கும் தப்பான நம்பிக்கைக்கு ஒரு குச்சி சாட்சி சொல்கிறது. குச்சி இல்லாமல் இருந்திருந்தால் "இன்னும் கொஞ்சம் இரு" என்று பேசியாவது நிறுத்தியிருக்கலாம். இப்போது கையில் ஆதாரத்தோடு வந்து நிற்கிறார், அவரிடம் வாதாடுவது கூடுதல் கஷ்டம்.

புகைக்காமல் தின்பவர்களுக்கு இந்தக் கிட் சுத்தமாக உதவாது. தின்றால் ஏறவே அரைமணி முதல் ஒன்றரை மணி ஆகும், உச்சம் 2, 3 மணி நேரத்தில், இறங்க ஆறேழு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். கேப்ஸ்யூலாக விழுங்கினால் வாயில் படிய வழியே இல்லை, கோடு பளிச்சென்று வரும், ஆள் உச்சத்தில் இருப்பார். பெட்டியில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கைகூட இல்லை, இதைக் கண்டிப்பாகச் சேர்க்க வேண்டும். சாராயத்தோடு சேர்த்து அடித்திருந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம், சாவியை எடுத்து வைத்துவிடுங்கள். சாராயம் சேர்ந்தால் ரத்தத்தில் டிஎச்சியின் உச்சமே கூடுகிறது, இரண்டும் சேர்ந்த தடுமாற்றம் தனித்தனியாக இருப்பதைவிட மோசம்.

சில நாடுகளில் போலீசும் எச்சில் கருவிதானே வைத்திருக்கிறது என்று கேட்கலாம். ஆமாம், டிரேகர் டிரக்டெஸ்ட் 5000, அபாட்டின் சோடாக்ஸா மாதிரியானவை. அவை கோட்டைக் கண்ணால் பார்த்துச் சொல்வதில்லை, இயந்திரமே படிக்கிறது. அவையும் சமீபத்தில் பயன்படுத்தியிருக்கிறாரா என்று காட்டத்தான். ஓட்டும் திறனை அவையும் அளப்பதில்லை.

திறனை நேரடியாகப் பார்க்க முயலும் ஒன்று உண்டு, டிரூயிட் என்ற போன் ஆப், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் உளவியல் பேராசிரியர் மைக்கேல் மில்பர்ன் உருவாக்கியது. திரையில் வருவதைத் தொடுவது, நேரத்தை மனதில் எண்ணுவது, ஒற்றைக்காலில் நிற்பது என்று வைத்துப் பார்க்கும். தெளிவாக இருக்கும்போது சில முறை செய்து சொந்த அளவை வைத்துக்கொண்டால் பிற்பாடு ஒப்பிடலாம். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் உடம்பில் என்ன கிடக்கிறது என்று தேடாமல் ஆள் எப்படி இருக்கிறார் என்று பார்க்கிறது. ஆனாலும் இதில் நல்ல மதிப்பெண் வந்துவிட்டது என்பதற்காக நான் ஒருவருக்குச் சாவி கொடுக்க மாட்டேன். மோசமாக வந்தால் கொடுக்காமல் இருக்க உதவும், அந்த ஒரு திசையில் மட்டும் பயன்படுத்தலாம்.

நாங்கள் இப்போது வைத்திருக்கும் ஏற்பாடு சாதாரணமானது. அடிக்கப்போகிறவர் அடிக்கும் முன்பே சாவியைக் கொடுத்துவிட வேண்டும், அப்புறம் கேட்கக்கூடாது. புகைத்திருந்தால் குறைந்தது 6 மணி நேரம், கனடாவின் வழிகாட்டுதல்களும் அதைத்தான் சொல்கின்றன. தின்றிருந்தால் அன்றைக்கு ஓட்டுவது என்ற பேச்சே இல்லை. இதற்குச் செலவு கிடையாது, வறண்ட வாயில் பஞ்சை வைத்துக் காத்திருக்கவும் வேண்டாம்.

வேலையிடத்தில் எச்சில் சோதனை இருக்கிறது, முன்கூட்டியே எங்கே நிற்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு இந்தக் கிட் பயன்படும். அவர்களுக்கு நான் ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், எழுத்தைப் பெரிதாக்கினால் நாலு. ஓட்டலாமா என்று பார்க்க வாங்குகிறவர்களுக்கு ஒன்று, அதுவும் பாக்கெட் சுத்தமாக இருந்ததற்காக. ஸ்டியரிங் படத்தை எடுங்கள், தின்பவர்களுக்கான எச்சரிக்கையைப் போடுங்கள், கோட்டின் அர்த்தத்தைக் குச்சியின் மேலேயே அச்சிடுங்கள் என்று கம்பெனிக்கு எழுதியிருக்கிறேன். உங்கள் கருத்துக்கு நன்றி என்று தானாக வரும் பதில் மட்டும் வந்திருக்கிறது. உருப்படியாக ஏதாவது வந்தால் இங்கேயே சேர்க்கிறேன்.